உங்கள் ரத்தமே பசையாகும்போது
கண் சதை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் உடன் போகிறவர்களும் அறிய வேண்டியவை

கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழி மேல் மெல்ல ஏறிவரும் சதையை மருத்துவமனைச் சீட்டில் டெரிஜியம் என்று எழுதுவார்கள். ஊரில் கண் சதை என்றாலே போதும். பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாக ஏறும். வெயிலின் புற ஊதாக் கதிர், காற்று, தூசி இவற்றில் ஆண்டுக்கணக்காக நிற்பவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 37 பாகை வரையுள்ள நாடுகளில் இது மிகுதி. தமிழ்நாடு முழுவதும் அந்த எல்லைக்குள் இருக்கிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் நிற்பவர்களுக்கு மேலிருந்து ஒரு வெயில், கீழே உப்பின் வெண்மையிலிருந்து இன்னொரு வெயில். கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதே கதிதான்.

சதையை வெட்டிவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுவது பழைய முறை. வெட்டிய இடத்தில் சதை திரும்ப முளைத்துவிடும். சில ஆய்வுகளில் அப்படித் திரும்பியது 80 சதவீதத்தையும் தாண்டியிருக்கிறது. அதனால் 1980களிலிருந்து வேறு முறை பரவியது. அதே கண்ணில், மேல் இமை மூடியிருக்கும் இடத்தில், வெயில் படாமல் நலமாக இருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டை எடுத்து, சதை அகற்றிய இடத்தில் பதிப்பார்கள். பதித்த துண்டை எதனால் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. நுண்ணிய நூலால் தைக்கலாம். தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து தயாரித்து விற்கப்படும் ஃபைப்ரின் பசையால் ஒட்டலாம். மூன்றாவது வழியில் நூலும் இல்லை, கடைப் பசையும் இல்லை. சதை அகற்றிய இடத்திலேயே கசியும் நோயாளியின் சொந்த ரத்தம் உறைந்து துண்டைப் பிடித்துக்கொள்ளும். 2010இல் பிரிட்டனின் கண் மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றிய கட்டுரை வந்தபின் இந்திய மருத்துவர்கள் பலர் இதைக் கையில் எடுத்தார்கள். பசைக்கெனத் தனிச் செலவு கிடையாது. பிறர் ரத்தத்தின் வழியாக நோய் வருமோ என்ற பயமும் கிடையாது. ஏழை நாட்டுக்கு இது பெரிய வரம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இதன் பிடி மெல்லியது. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்கும். ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரைந்து கிடக்கிறது. காயம் பட்டதும் த்ராம்பின் என்ற நொதி உருவாகி அதை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. பதின்மூன்றாம் உறைகாரணி அந்த இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைக்கிறது. கடைப் பசையும் இதே வேலையைத்தான் செய்கிறது, அடர்த்திதான் வேறு. நம் பிளாஸ்மாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 முதல் 4 மில்லிகிராம் ஃபைப்ரினோஜன்தான் இருக்கும். விற்பனைக்கு வரும் முன்னணிப் பசைகளில் அது 70 முதல் 100 மில்லிகிராம் வரை. தண்ணீர் கூடிப்போன மைதாப் பசையில் சுவரொட்டி எப்படி நிற்குமோ அப்படித்தான் நம் ரத்தத்தில் ஒட்டிய சவ்வும் முதல் சில நாட்கள் நிற்கிறது. மருத்துவர்கள் இரண்டையும் ஒப்பிட்டபோதும் கடைப் பசையில் ஒட்டு உறுதியாக நின்றது, சொந்த ரத்தத்தில் விலகியவை கூடுதல். சதை திரும்ப வளர்வதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆக, ஒட்டுவது மருத்துவர் வேலை என்றால் ஒட்டியதைக் காப்பது நோயாளியின் வேலை.

செய்ய வேண்டியவை

அறுவை தேவையா என்று முதலில் கேளுங்கள். சதை சிறிதாக, கருவிழியின் ஓரத்தோடு நின்று, பார்வையைத் தொடாமல் இருந்தால் உறுத்தலுக்குச் சொட்டு மருந்தும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் போதும். கருவிழியின் நடுவை நோக்கி ஏறுகிறது, சிலிண்டர் பவர் கூடிக்கொண்டே போகிறது, கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை, ஓயாமல் சிவந்து உறுத்துகிறது என்றால் அறுவைக்கு நியாயம் உண்டு. 'பார்க்க நல்லாயில்லை' என்ற ஒரே காரணத்துக்காக இளவயதில் அவசரப்படுவோரை எச்சரிக்க வேண்டும். வயது குறைந்தவர்களுக்குச் சதை திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம்.

எதனால் ஒட்டப்போகிறார்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். "டாக்டர், தையலா, பசையா, என் ரத்தத்தை வைத்தா?" இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. கூடவே இன்னொரு கேள்வி: "ரத்தத்தில் ஒட்டவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" மேசையிலேயே ஒட்டு நழுவினால் ஒன்றிரண்டு தையல் போட்டுவிடுவோம் என்று சொல்லும் மருத்துவர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். கையெழுத்திடும் ஒப்புதல் தாளிலும் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உடன் வந்த பிள்ளையோ கவுன்சலிங் தரும் சிஸ்டரோ முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும்.

எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்தப் பட்டியலில் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் தட்டணுக்களின் வேலையைக் குறைப்பவை. வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை உறைதலையே மந்தமாக்குபவை. ரத்தம் உறைந்தால்தான் ஒட்டு நிற்கும் என்னும்போது, உறையாமல் இருக்க நீங்கள் தினமும் மாத்திரை விழுங்குவது மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரிந்தால் அவர் கடைப் பசைக்கோ தையலுக்கோ மாறிக்கொள்வார். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, மீன் எண்ணெய் மாத்திரை எதுவானாலும் சொல்லுங்கள். கல்லீரல் நோய், குடிப்பழக்கம், தட்டணுக் குறைவு, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போன அனுபவம், வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாமை நோய் இவையும் அந்தப் பையில் சேர வேண்டிய செய்திகள். உறைகாரணிகள் பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகின்றன. மனைவியோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது குடியைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.

கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் சொல்லுங்கள். கிளாக்கோமாவுக்குப் பின்னாளில் அறுவை செய்ய நேர்ந்தால் மேல் பக்கத்துச் சவ்வு அப்படியே இருக்க வேண்டும். அது தெரிந்தால் ஒட்டுக்கான துண்டை மருத்துவர் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுப்பார். அறுவைக்குப் பின் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது.

சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு நாள் குறியுங்கள்.

மேசையில் ஏறும்முன் இருமல், மூச்சிரைப்பு, மல்லாந்து படுக்க முடியாமை, அடிக்கடி சிறுநீர் வருதல் எதுவானாலும் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணை மரக்கச் செய்துதான் அறுவை நடக்கும், மயக்கம் கொடுக்க மாட்டார்கள். துண்டைப் பதித்தபின் ஓரங்களை இடுக்கியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவர் ஏறத்தாழ பத்து நிமிடம் காத்திருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். ஃபைப்ரின் இழைகள் பின்னிக்கொள்வது அந்த நேரத்தில்தான். அப்போது ஒரு பெரிய இருமல் வந்தால் கூட ஒட்டு நகரும். அந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்கும் மருத்துவர் நல்ல மருத்துவர் அல்லர் என்பது என் கருத்து. நாளொன்றுக்கு இத்தனை அறுவை என்று கணக்கு வைத்திருக்கும் இடங்களில் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இந்த முறைக்கென்றே மருத்துவர் செய்யும் சில காரியங்கள் உண்டு. வழக்கமாக ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்துவார்கள். இங்கே அப்படி எல்லாவற்றையும் சுட்டுவிட்டால் பசைக்கு ரத்தம் இருக்காது. கசிவு போதாவிட்டால் நுண்ணிய ரத்தக் குழாய் ஒன்றைக் குத்திச் சிறிது கசிய விடுவார்கள், அல்லது கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். கசிவு அதிகமானாலும் துண்டு மிதந்து எழும்பிவிடும் என்பதால் மிகுதியை ஒற்றி எடுப்பார்கள். துண்டு சுருங்கும் என்று கணித்து அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை பெரிதாக எடுப்பார்கள். இதையெல்லாம் நோயாளி மேற்பார்க்க முடியாது. ஆனால் "கையில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?" என்று மேசையில் பதறாமல் இருக்க இந்த விவரம் உதவும்.

கட்டை அவர்கள் சொன்ன நாள்வரை வைத்திருங்கள். பொதுவாக 24 மணி நேரம், சில மருத்துவர்கள் 48 மணி நேரம் வைப்பார்கள். அதன் பிறகு இரவில் பிளாஸ்டிக் கவசம் மாட்டிக்கொண்டு, அறுவை செய்த கண்ணுக்கு எதிர்ப்பக்கமாக அல்லது மல்லாந்து படுங்கள். தூக்கத்தில் நம் கை நம் சொல்லைக் கேட்காது. பேரக்குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைப்பதைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். குழந்தையின் ஒரு கை வீச்சு போதும், ஒட்டு கழன்றுவிடும்.

சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுங்கள். சோப்பால் கை கழுவிவிட்டு, கீழ் இமையை வெளிப்பக்கமாகச் சிறிது இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். ஒட்டு இருப்பது மூக்குப் பக்கம் என்பதால் அந்த மூலையை இழுக்கக் கூடாது. புட்டியின் நுனி இமையில் படக் கூடாது. இரண்டு மருந்து என்றால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். ஸ்டீராய்டு சொட்டை வாரந்தோறும் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தச் சொல்வார்கள். அந்தக் கணக்கைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டிவையுங்கள்.

எது இயல்பு, எது ஆபத்து என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, நீர் வடிதல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், ஒட்டு உப்பித் தெரிவது, ஒட்டுக்கு அடியில் ரத்தம் திட்டாகத் தெரிவது எல்லாம் முதல் நாட்களில் வரும். ரத்தத் திட்டு இரண்டு மூன்று வாரங்களில் தானே கரைந்துவிடும். வலி நாளுக்கு நாள் கூடுவது, பார்வை மங்குவது, சீழ் வருவது, கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ மடங்கித் தொங்குவது, கட்டின் பஞ்சில் மெல்லிய தோல் போன்ற துண்டு ஒட்டி வருவது இவற்றில் எது நடந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விலகிய ஒட்டை உடனே பார்த்தால் பெரும்பாலும் திரும்பப் பதித்துவிடலாம். மறுவாரம் வரச் சொல்லியிருக்கிறார்களே என்று காத்திருந்தால் அந்தத் துண்டு சுருங்கிப் பயனற்றுப் போகும்.

செய்யக்கூடாதவை

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த மாத்திரையை விட்டுடணும்" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரும் செயற்கை வால்வு பொருத்தியவரும் பக்கவாதம் வந்து மீண்டவரும் மாத்திரையை விட்டால் உயிருக்கே ஆபத்து. கண் சதையால் யாரும் சாவதில்லை. நிறுத்துவதா, தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். பெரும்பாலும் மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு ஒட்டும் முறையைத்தான் மாற்றுவார்கள்.

ஒட்டு வைக்காமல் சதையை மட்டும் சீவிவிடும் அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். செலவு குறைவு, பத்தே நிமிடம் என்று சொல்லலாம். திரும்ப வளரும் சதை முதல் சதையைவிடத் தடித்ததாக, தழும்போடு பிணைந்ததாக வரும். இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினம்.

கண்ணைக் கசக்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அரிப்பு வந்தால் குளிர்ந்த சுத்தமான துணியை மூடிய இமை மேல் வைக்காமல், நெற்றியில் வைத்துப் பொறுத்திருங்கள். பொறுக்க முடியாவிட்டால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், அரிப்புக்குச் சொட்டு மருந்து உண்டு.

கட்டை நீங்களாகப் பிரித்து 'பார்வை வந்திருக்கா' என்று சோதிக்காதீர்கள். கண்ணில் ஏதோ நூல் போலத் தெரிகிறது என்று விரலாலோ முந்தானையாலோ எடுக்கப் பார்க்காதீர்கள். அது ஒட்டின் ஓரமாக இருக்கும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள். நம் பாட்டிமார் அன்போடு செய்த வைத்தியங்கள்தான். ஆனால் திறந்த காயம் இருக்கும் கண்ணுக்குள் கிருமி நீக்காத எந்தப் பொருளும் போகக் கூடாது. சீழ் பிடித்துக் கருவிழி வெந்தால் சதையில்லாத கண் இருந்தும் பார்வை இருக்காது.

தலைக்குக் குளிக்காதீர்கள், எண்ணெய்க் குளியலை நினைக்கவே வேண்டாம். கழுத்துக்குக் கீழே குளித்துக்கொண்டு முகத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். விறகடுப்பில் ஊதாதீர்கள். நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைக்கும்போது பொடி கண்ணில் உதிரும், சில வாரங்கள் தள்ளிவையுங்கள். கோயிலில் பூசாரி வைத்துவிட வந்தால் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பைக்கில் போவதும் தவிர்க்க வேண்டியதே. கட்டாயம் என்றால் முழு முகமும் மறைக்கும் ஹெல்மெட் வேண்டும்.

பத்தியம் இருக்க வேண்டாம். கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் வைக்கும், கருவாடு சாப்பிட்டால் புண் ஆறாது என்று சொல்லி, உழைத்துக் களைத்த உடம்பைக் கஞ்சியில் போடுகிறார்கள். ஒட்டு பிடிக்கப் புரதம் வேண்டும். முட்டையும் பருப்பும் மீனும் தாராளமாகச் சாப்பிடட்டும். சர்க்கரை நோயாளி தன் உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் விடாமல் இருந்தால் சரி.

கண் சிவந்தது என்று பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டை மருந்துக் கடையில் மீண்டும் வாங்காதீர்கள். கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், வலிக்காது. நரம்பு கெட்டபின்தான் தெரியவரும், அதன் பிறகு பார்வையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

சொந்த ரத்தம் என்பதற்காகத் தனிக் கட்டணம் கேட்டால் விளக்கம் கேட்காமல் கொடுக்காதீர்கள். புண்ணில் கசியும் ரத்தத்துக்கு விலை கிடையாது. அறுவைக்கும் திறமைக்கும் கொடுப்பது வேறு. இயந்திரத்தில் சுழற்றிச் செறிவூட்டிய பசை தயாரிக்கிறார்கள் என்றால் அதற்குச் செலவு உண்டு. எது செய்தார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

பெரிய அறுவைகளில்

கண்ணுக்கு ஒரு சொட்டு போதும். நுரையீரல், கல்லீரல், மூளை உறை போன்ற இடங்களுக்குச் செறிவான பசை வேண்டும், அதையும் நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுக்க முடியும். இதன் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1909இல் பெர்கல் என்பவர் ஃபைப்ரின் பொடியால் ரத்தக் கசிவை நிறுத்தினார். 1940இல் பிரிட்டனில் யங், மெடவார் இருவரும் விலங்குகளின் அறுந்த நரம்பைப் பிளாஸ்மாவால் ஒட்டிக் காட்டினார்கள். அந்த மெடவார்தான் 1960இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார். 1944இல் தோல் ஒட்டுக்குப் பயன்படுத்தினார்கள். ஃபைப்ரினோஜன் செறிவு போதாததால் அந்தக் காலத்துப் பசைகள் வலுவாக நிற்கவில்லை. 1972இல் வியன்னாவில் ஹெலேனே மாத்ராஸ் செறிவூட்டிய பசையால் நரம்பை இணைத்த பிறகுதான் ஐரோப்பாவில் இது தொழிலாக வளர்ந்தது. அமெரிக்கா வேறு திசையில் போனது. பலருடைய ரத்தத்தைச் சேர்த்துத் தயாரித்த ஃபைப்ரினோஜனால் கல்லீரல் அழற்சி பரவும் என்று 1977இல் அதன் உரிமத்தை ரத்து செய்தார்கள். 1998இல் புதிய பசைக்கு அனுமதி கிடைக்கும்வரை அங்குள்ள அறுவை மருத்துவர்கள் நோயாளியின் ரத்தத்திலிருந்தோ ஒற்றைக் கொடையாளியின் பிளாஸ்மாவிலிருந்தோ மருத்துவமனையிலேயே பசை தயாரித்துக்கொண்டார்கள். இன்றைய கடைப் பசைகளில் வைரஸ்களை அழிக்கும் படிகள் உண்டு. அவற்றைக் கண்டு அன்றுபோல் அஞ்ச வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட அறுவைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, த்ராம்பின் எங்கிருந்து வருகிறது என்பது. ரத்தம் உங்களுடையதாக இருந்தாலும் அதை உறையவைக்கும் த்ராம்பின் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மாட்டு த்ராம்பினை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் சிலருக்கு அவர்களுடைய ஐந்தாம் உறைகாரணியையே தாக்கி, ரத்தப்போக்கு நிற்காமல் செய்திருக்கின்றன. முன்பு ஓர் அறுவையில் அதைப் பயன்படுத்தியிருந்தால் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டுங்கள். மனித த்ராம்பினும் மரபணு முறையில் தயாரித்ததும் இன்று கிடைக்கின்றன. டென்மார்க்கில் உருவான விவோஸ்டாட் இயந்திரத்துக்கு வெளியிலிருந்து த்ராம்பின் தேவையே இல்லை. நோயாளியிடமிருந்து 120 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் பசை தருகிறது. கடுமையான ரத்தசோகை உள்ளவரிடம் அந்த 120 மில்லிலிட்டரை எடுக்கும்முன் யோசிக்க வேண்டும்.

அறுவை அரங்கில் இருப்பவர்களுக்கு மூன்று சொல்வேன். எடுத்த ரத்தப் பையிலும் தயாரித்த பசையிலும் நோயாளியின் பெயரும் எண்ணும் ஒட்டி, அரங்கில் இருவர் உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். மாறிப்போனால் 'சொந்த ரத்தம்' என்ற முழுப் பயனும் போய்விடும். மிஞ்சியதை அடுத்தவருக்கு வைக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். பசையை ரத்தக் குழாய்க்குள் செலுத்தவே கூடாது, காற்றழுத்தத்தில் தெளிக்கும்போது உற்பத்தியாளர் சொன்ன அழுத்தத்தையும் தூரத்தையும் மீறக் கூடாது. மிக அருகில் அதிக அழுத்தத்தில் தெளித்து, ரத்தக் குழாய்க்குள் காற்று புகுந்து நோயாளிகள் இறந்திருக்கிறார்கள்.

பெரிய ரத்தக் குழாய் அறுந்த இடத்தில் பசை தையலுக்கு மாற்று ஆகாது. தைத்தபின்னும் கசியும் இடத்துக்குத்தான் அது.

பல் மருத்துவமனைகளில் பிஆர்எஃப் என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான். 2001இல் பிரான்ஸின் ஷுக்ரூன் கொண்டுவந்த முறை. உறையாமல் தடுக்கும் மருந்து எதையும் சேர்க்காமல் ரத்தத்தைச் சுழற்றி, கிடைக்கும் ஃபைப்ரின் படலத்தைப் பல் பிடுங்கிய குழியில் வைப்பார்கள். எடுத்த ரத்தம் ஓரிரு நிமிடத்துக்குள் இயந்திரத்துக்குள் போய்விட வேண்டும், தாமதித்தால் படலம் சரியாக அமையாது. வைத்த பிறகு வேகமாகக் கொப்பளிப்பது, துப்புவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, பீடி, வெற்றிலை எல்லாம் நிறுத்தம்.

முதல் ஓராண்டு

கண் சதை திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் திரும்பும். அதில் பாதி முதல் நான்கு மாதங்களிலேயே தெரிந்துவிடும். எனவே கண் நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் அந்த ஓராண்டு குறித்த நாட்களில் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். வெளியே இறங்கும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். யூவி 400 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் கறுப்பு நிறக் கண்ணாடி வெளிச்சத்தைத்தான் குறைக்கும், கதிரைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. தொப்பியோ தலைப்பாகையோ குடையோ கூடவே வேண்டும்.

மேலே எழுதியதில் பெரும்பாலானவை காசு கேட்பவை அல்ல, ஓய்வு கேட்பவை. அன்றாடக் கூலிக்கு நிற்பவருக்கு ஓய்வுதான் மிக விலை உயர்ந்த மருந்து. மூன்றாம் நாளே உப்பு வாரப் போகிறவரின் ஒட்டு விலகினால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உப்பளம் நடத்துகிறவர்களுக்கும் படகு உரிமையாளர்களுக்கும் கட்டட மேஸ்திரிகளுக்கும் என் வேண்டுகோள் இது: உங்களிடம் வேலை செய்பவருக்குக் கண் சதை அறுவை நடந்தால் மருத்துவர் குறித்த நாட்கள் வரை கூலியோடு விடுப்புக் கொடுங்கள். அறுவை வரை போகாதவர்களுக்கு இப்போதே கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.